மணல் ஒட்டிய சூரை

நான் முன்பு வேலை பார்த்த ஓட்டலில் புதிதாக ஒரு கருவி வாங்கியிருக்கிறார்களாம். மீனுக்குள் ஒரு மெல்லிய கம்பியைச் செருகினால் உள்ளே எவ்வளவு குளிர் என்று சின்னத் திரையில் எண் வரும். அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, "எக்கா, இனி ஆரும் விரல் விட்டு நோக்காண்டாம்" என்று எழுதியிருந்தார்கள். அடுத்த செய்தியில் விஷயத்துக்கு வந்தார்கள். மசாலா ஒட்டிச் சுட்ட சூரையும் பழச் சல்சாவும் நான் போன பிறகு பழைய பக்குவத்தில் வரவில்லையாம்; எழுதித் தர வேண்டுமாம்.

எழுதித் தருகிறேன். ஆனால் அந்தப் பண்டத்தை நினைத்து உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கூடவே வந்து உட்காருகிறது. இத்தனை வருடமாக அதை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை. பக்குவம் வேண்டுமென்றால் அதையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பாறசாலைக்குக் கிழக்கே ரப்பர் மரங்களுக்கு நடுவில் எங்கள் வீடு. கணவர் இறந்த பிறகு, இருபத்தெட்டு வயதில், நெய்யாற்றின்கரையைத் தாண்டி ஆற்றோரமாக இருந்த அந்த ஓட்டலில் சேர்ந்தேன். மூன்று வருடம் வெங்காயம், எங்கள் பேச்சில் உள்ளி, உரித்தேன். இரண்டு வருடம் மீன் வெட்டினேன். கிரில்லில் நின்றவர் துபாய்க்குப் போனதும் வேறு ஆள் கிடைக்காமல் என்னை நிறுத்தினார்கள். ஒரு வாரத்துக்கு என்று சொன்னார்கள். இருபது வருடம் நின்றேன். ஐம்பத்துமூன்றாவது வயதில் வெக்கை வலது கண்ணைக் கெடுத்த பிறகுதான் இறங்கினேன்.

எங்கள் தலைமைச் சமையல்காரர் சுகுமாரன் சார். வெள்ளறடைக்காரர். ஒல்லி மனிதர், வெள்ளைச் சட்டையில் ஒரு துளி எண்ணெய் இருக்காது. கோபம் வந்தால் அவர் குரல் இறங்கும். இன்னும் கோபம் வந்தால் இன்னும் இறங்கும். அப்போது அடுக்களையே மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுக்கும். கத்துகிற மனிதரிடம் வேலை பார்ப்பது எளிது. கத்தி முடித்தால் தீர்ந்தது. இவரிடம் எதுவும் தீராது.

வந்த மீனின் கண்ணை எல்லோரும் பார்ப்பார்கள், செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சார் அதொன்றும் செய்யமாட்டார். சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடக்கிவிட்டு, வயிற்றுப் பக்கமாகப் பெருவிரலை நடுமுள் வரைக்கும் இறக்குவார். இறக்கி, மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். முள்ளோரம் குளிர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மீன் துள்ளினாலும் திரும்பிப் போகும்.

"சூரையும் அயலையும் ஏமாத்துக மீனு," என்பார். "நாத்தம் அடிக்கதுக்கு முன்னாடியே உள்ள விஷம் ஊறும். சுட்டாலும் போவாது, பொரிச்சாலும் போவாது. ஐஸ் மட்டும்தான் அதெத் தடுக்கும்."

யார் வாங்கிய மீனிலும் அவர் விரல் இறங்கும், என்னுடையதைத் தவிர. ஏழெட்டு வருடம் என் மீனையும் தொட்டுப் பார்த்தவர், ஒரு நாள் தொடாமல் கேட்டார்: "ஸ்டெல்லா, ஐஸ் இருந்ததா?" இருந்தது சார் என்றேன். தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அப்படித்தான். எனக்கு ஒரு கேள்வி, ஒரு பதில். பாத்திரம் கழுவுகிற லீலா இதை வைத்தே என்னைச் சீண்டுவாள்.

"ஸ்டெல்லா எக்கா சொன்னா சாருக்கு அது வேதமாக்கும். நாம சொன்னா வெறும் வாய்க்காத்து."

சம்பளம் கூடியபோது வராத நிமிர்வு அந்த ஒற்றைக் கேள்வியில் எனக்கு வந்திருந்தது.

இனி நீங்கள் கேட்டது. சூரையை இரண்டு விரல் கனத்துக்கு வெட்டுங்கள். துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். ஈரம் இருந்தால் மசாலா கம்பியோடு போகும். உப்புத் தடவிப் பத்து நிமிடம் வையுங்கள். மல்லி, நல்லமிளகு, பெருஞ்சீரகம், வற்றல் மிளகாய் நான்கையும் தனித்தனியே வறுங்கள், ஒன்றாக வறுத்தால் பெருஞ்சீரகம் கருகி மல்லி பச்சையாக நிற்கும். இடிகல்லில் ஒன்றிரண்டாக இடியுங்கள். மிக்சி வேண்டாம். பொடியானால் தோலாக ஒட்டும். உடைந்திருந்தால்தான் ஓடாக ஒட்டும். துண்டின் இரண்டு பக்கமும் எண்ணெய் தொட்டு, மசாலாவில் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். தேங்காய்ச் சிரட்டைக் கரி வெளுத்து, கம்பி சூடேறி, எண்ணெய்த் துணியால் துடைத்தால் சுர்ரென்று சொல்ல வேண்டும். அப்போது வையுங்கள். வைத்தபின் தொடாதீர்கள். எல்லோரும் தோற்பது இந்த இடத்தில்தான். மீன் வெந்ததும் தானாகவே கம்பியை விடும். அதற்கு முன் கரண்டியை நுழைத்தால் பாதி மீன் உங்களுக்கு, பாதி கம்பிக்கு.

சல்சா என்றால் வேகாத பழப் பச்சடி, அவ்வளவுதான். கைதச்சக்கை என்கிற அன்னாசி, பழுக்கத் தொடங்கிய மாங்காய், சின்ன உள்ளி, காந்தாரி மிளகாய், மல்லியிலை, எலுமிச்சைச் சாறு. எல்லாம் ஒரே அளவில், பயறு மணி பருமனுக்கு. உப்பு மட்டும் தட்டில் வைக்கிற நேரத்தில். முன்பே போட்டால் பழம் அழுதுவிடும்.

காரமான ஓடு, புளித்து இனிக்கிற பழம். இரண்டுக்கும் நடுவில் மீன் ஒளிந்துகொள்ளும். இந்தப் பண்டத்தின் ருசி அதில்தான் இருக்கிறது. ஆபத்தும் அதில்தான் இருந்தது என்பது எனக்கு அந்த ஞாயிறு வரைக்கும் தெரியாது.

அன்று ஒரு கல்யாண நிச்சயம். தேவாலய ஆராதனை முடிந்து இரண்டு வீட்டாரும் நேரே ஓட்டலுக்கு மதிய சாப்பாட்டுக்கு வருகிறார்கள், நூறு பேர். பெண் வீட்டார் கேட்டிருந்ததே இந்தச் சூரைதான். காலை ஏழு மணிக்கு மீன் வண்டியிலிருந்து போன் வந்தது. வழியில் அச்சு ஒடிந்து கிடக்கிறது. மதியத்துக்கு முன் வராது.

எனக்கு நினைவு வந்தது என் அண்ணன் வில்சன். பைக்கில் பெட்டி கட்டி ஊர் ஊராக மீன் விற்கிறவன். "உங்க ஓட்டலுக்கு ஒரு தடவை கொண்டு வரட்டுமா மக்கா, ஒரே ஒரு தடவை" என்று மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவன். சாருக்குப் போனில் சொல்லிவிட்டு அவனைக் கூப்பிட்டேன்.

ஒன்பதரைக்கு வந்தான். ஆறு சூரை. பெட்டியைத் திறந்ததும் மேலெல்லாம் கடற்கரை மணல் பொன்பொன்னாக ஒட்டியிருந்தது.

எங்கள் ஊரில் மீன் வாங்குகிறவர்கள் முதலில் தேடுவது மணலைத்தான். மணல் ஒட்டியிருந்தால் இன்று கரையில் இறங்கிய மீன். ஐஸ் ஒட்டியிருந்தால் எத்தனை நாள் பழசோ. ஐஸ் பெட்டியோடு வருகிற வியாபாரியை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற வீடுகள் உண்டு. எங்கள் வீடும் அதில் ஒன்று. பன்னிரண்டு வருடம் ஐஸ் அள்ளிய என் கைக்கு ஒன்று தெரியும். அந்த மணலைப் பார்த்த என் கண்ணுக்கு வேறொன்று தெரியும். அன்று கண் ஜெயித்தது.

"ஐஸ் வைக்கலியா அண்ணா?" என்று கேட்கத்தான் செய்தேன்.

"ஐஸ் வச்சா ஆரு பிள்ளே வாங்குவா? அஞ்சு மணிக்குக் கரையில ஏறின மீனு. கண்ணெப் பாரு, நம்மளெப் பாத்துச் சிரிக்குது."

ஐந்திலிருந்து ஒன்பதரை. அதில் பாதி நேரம் வெயில். நான் கணக்குப் பார்த்தேன். பார்த்துவிட்டு, மணலைக் கழுவி, மீனை ஓட்டல் ஐஸுக்குள் கழுத்து வரை புதைத்தேன். அண்ணன் பைக்கைத் திருப்பிக்கொண்டு போகும்போது விசிலடித்துக்கொண்டே போனான்.

பத்து மணிக்கு சார் வந்தார். ஐஸில் கிடந்த மீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வில்சன் கொண்டு வந்ததா? ஐஸ் இருந்ததா?"

"இருந்தது சார்."

தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த நேரத்தில் பெருவிரலை இறக்கியிருந்தால் முள்ளோரத்துச் சூடு அவருக்குத் தெரிந்திருக்கும். இறக்கமாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன்.

பன்னிரண்டே முக்கால். முதல் மேசைக்குப் பன்னிரண்டு தட்டு போனது. கரியில் அடுத்த வரிசை கிடக்கிறது. தட்டு போகத் தொடங்கினால் வால் துண்டுகளை அடுக்களைக்காரர்கள் ஆளுக்கொரு வாய் தின்பது எங்கள் வழக்கம். நானும் முதலிலேயே ஒன்றைத் தின்றிருந்தேன், மசாலாவோடு. மிளகு எரிந்தது, மிளகு எரியத்தானே செய்யும். லீலாவுக்கு அந்த வாரம் வாயெல்லாம் புண். ஓட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு உள்சதையை மட்டும் தின்றுகொண்டிருந்தாள்.

"எக்கா, இதெந்தா உள்ளயும் மிளகு தேச்சியளா? நாக்கு கடிக்குது."

"புண்ணு வாய்க்கு எல்லாம் கடிக்கும் பிள்ளே."

"நான் மசாலா தொடேல. வெறும் மீனாக்கும். இஞ்ச பாருங்க, சுண்டு தரிக்குது," என்று உதட்டைத் தொட்டுக் காட்டினாள்.

ஒரு துண்டை எடுத்து ஓட்டை உரித்தேன். கழுவினேன். வெறும் சதையை நாக்கில் வைத்து மெதுவாக மென்றேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு நாக்கு நுனியில் குறுகுறுவென்று எறும்பு ஊர ஆரம்பித்தது. ஊர்ந்து ஊர்ந்து உதட்டுக்கு வந்தது. மிளகு இப்படி எரியாது. சார் எத்தனையோ தடவை சொன்ன விஷம் இதுதான்.

அவர் எனக்கு ஆறடி தள்ளி நின்று தட்டு விளிம்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வரிசையில் ஆறு தட்டு தயார். நான் வாயைத் திறந்தால் முதல் சொல்லாக என் பொய் வெளியே வரும். அண்ணனுக்கு இந்த வாசல் மூடும். எனக்கு அந்த ஒற்றைக் கேள்வி போய்விடும். ஒருவேளை லேசானதுதானோ. ஒருவேளை ஒரு மீனில் மட்டும்தானோ. ஒருவேளை என் நாக்குத்தான் பயத்தில் பொய் சொல்கிறதோ. பரிமாறுகிறவர் வந்தார். ஆறு தட்டையும் கையில் அடுக்கினார். கதவை முதுகால் தள்ளினார். கதவு ஆடியது, நின்றது.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்றால், ஒரு துண்டு மீனை ஒரு பக்கம் சுடுகிற நேரம்.

"சார்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சார், மீனு சரியில்ல. ஐஸ் இருக்கேல. நான் கள்ளம் சொன்னேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த துணியை மடித்து மேசையில் வைத்தார். "கிரில்லெ அணை," என்றார், யாருக்கும் கேட்காத குரலில். எல்லோருக்கும் கேட்டது. "கோழியெ எடுத்து வெட்டுங்க, இதே மசாலா. ஸ்டெல்லா என்கூட வா."

கூடத்தில் பாட்டும் சிரிப்புமாக இருந்தது. சார் நேரே முதல் மேசைக்குப் போய்க் கை கூப்பினார். "மன்னிக்கணும். மீன்ல ஒரு குறை உண்டு. ஆரும் தின்னாண்டாம். தட்டெ நாங்க எடுத்துக்கிடுதோம்." சிரிப்பு நின்றது. நூறு பேர் பார்க்க நான் தட்டுகளை எடுத்தேன். பாதி தின்ற தட்டு, தொடாத தட்டு. பாதிரியாரோடு பேசிவிட்டுத் தாமதமாக வந்து உட்கார்ந்தவர் பெண்ணின் அப்பா. அவருடைய தட்டு அந்த ஆறில் ஒன்று. அதில் முக்கால் மீன் இல்லை.

"நல்லாத்தானே இருக்குது மோளே," என்றார் அவர், தட்டை விடாமல். "இதுல எந்தா குறை?"

நான் தட்டை இழுத்தேன். அவர் காது மடல் சிவக்கத் தொடங்கியிருந்தது. பிறகு கழுத்து. பிறகு கண்ணின் வெள்ளை. சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு, "வெக்கையா இருக்குதே," என்றார். அவர் மனைவி எழுந்துவிட்டார்.

"சாரே, இவருக்கு ஆறு மாசம் முன்னாடி நெஞ்சு கீறி ஆபரேஷன் செஞ்சதாக்கும்!"

முதல் மேசையில் இன்னும் நாலைந்து பேருக்கு முகம் சிவந்து தலை கனத்தது. அவர்களைப் பின்னால் வேனில் ஏற்றச் சொல்லிவிட்டு, பெண்ணின் அப்பாவை சார் தன் காரில் ஏற்றினார். நான் பின் சீட்டில், அவருக்கு இந்தப் பக்கம்; அந்தப் பக்கம் அவர் மனைவி. நெய்யாற்றின்கரைக்கு இருபது நிமிட வழி. அவர் மணிக்கட்டு என் கையில் இருந்தது. நாடி ஓடியது, ஓடியது என்றால் யாரோ துரத்துகிறபடி ஓடியது. அவர் மனைவி பைபிள் சங்கீதம் சொல்லிக்கொண்டு வந்தார், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப. ரயில்வே கேட் சாத்திக் கிடந்தது. ரயில் வர எவ்வளவு நேரம் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு நடந்தே போய்விடலாம் என்று இருந்தது, அவரைத் தூக்கிக்கொண்டு.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர். ஊசி போட்டார், நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"என்ன மீனு? ஐஸ் இல்லாம எவ்வளவு நேரம் கிடந்தது? செரியா சொல்லணும்."

சார் சுவரைப் பார்த்தார். எனக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்கு எதிராகவும் சொல்லவில்லை. அந்த மனைவி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூரை. நாலரை மணிக்கூறு. பாதி நேரம் வெயில்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தேன். நாக்கு கடிக்குதுன்னு தெரிஞ்ச பெறவும் இவருடைய தட்டெ விட்டேன்."

கடைசி வரியைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. டாக்டருக்குத் தேவையும் இல்லை. ஆனால் அதைச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் சொன்னதாகாது என்று தோன்றியது. அந்த அம்மா என்னைத் தாண்டிப் போய்க் கணவனின் கட்டிலருகே உட்கார்ந்து திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

திரைக்கு இந்தப் பக்கம் இரண்டரை மணி நேரம் நின்றேன். இயந்திரத்தின் சத்தம் வேகமாக இருந்தது. நான் அதையே எண்ணினேன். எங்கோ எண்ணிக்கை தவறியது. மறுபடி எண்ணும்போது சத்தம் கொஞ்சம் நிதானித்திருந்தது. நாலு மணிக்குத் திரை விலகியது. சிவப்பு வடிந்து, வெளிறிப்போய், அவர் தலையணையில் சாய்ந்திருந்தார். என் சட்டையில் தெறித்திருந்த மசாலாவைப் பார்த்து யாரென்று புரிந்துகொண்டார்.

"அந்தப் பழப் பச்சடி கொள்ளாம் மோளே, நல்ல ருசி," என்றார். "மீனுதான் கொஞ்சம் ஓவராப் போச்சு."

சிரிக்க முயன்றேன். வரவில்லை. அவர் மனைவி அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. மற்றவர்களை மாத்திரை கொடுத்து அதற்கு முன்பே அனுப்பியிருந்தார்கள்.

திரும்பும்போது முன் சீட்டில் உட்கார்ந்தேன். ஓட்டல் வாசலில் சார் வண்டியை நிறுத்தி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"நீ கள்ளம் சொன்னதெ நான் மறந்திருவேன் ஸ்டெல்லா. விரல் விடாம உங்கிட்ட கேட்டதோட நிறுத்தினேன் பாரு, அதெ மறக்கமாட்டேன்."

என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. கிரில்லை விட்டு மாற்றவில்லை. முதலாளியிடம் என்ன சொன்னாரோ, என்னை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன். "நான் பச்சை மீனுதானே தந்தேன்," என்றான். அவன் முகத்தில் கள்ளம் இல்லை. பிறகு ஒரு வருடம் எங்கள் வீட்டு வழியே பைக்கை ஓட்டவில்லை. இன்றும் மணல் மீன்தான் விற்கிறான், இன்றும் அவனுக்குத்தான் கூட்டம்.

திங்கட்கிழமை காலை மீன் வண்டி வந்தது. நான் இறக்கி வைத்தேன். சார் வந்தார். கேள்விக்காகக் காத்திருந்தேன். அவர் சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடக்கினார். என் மீனின் வயிற்றில் பெருவிரலை இறக்கிவிட்டுக் கூரையைப் பார்த்தார். லீலா கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கழுவாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அவள் என்னை அந்த விஷயத்தில் சீண்டியதில்லை.

ஒன்பது வருடம் அப்படியே போனது. என் மகள் கல்யாணத்துக்கு வந்தார், முன் வரிசையில் உட்கார்ந்தார். எனக்குக் காய்ச்சல் என்றால் மருந்து வாங்கி அனுப்பினார். சல்சாவில் உப்பு எப்போது போட வேண்டும் என்று புதிதாக வந்தவர்கள் கேட்டால், "ஸ்டெல்லாகிட்ட போய்க் கேளு," என்றார். மீனைப் பற்றி மட்டும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. ஒரு நாள்கூட இல்லை. தினமும் ஓடு இல்லாத ஒரு துண்டை வெந்ததும் தின்று, நாக்கில் எறும்பு வருகிறதா என்று நிற்பேன். அவருக்கு அது தெரியும். தெரிந்தும் விரல் இறங்கும்.

அவர் ஓய்வு பெற்ற நாள் காலையிலும் மீன் வந்தது. நான்கு சூரை, உடைத்த ஐஸுக்குள் நீலமாக. ஐஸ் அவ்வளவு அதிகம், அள்ளி அள்ளித்தான் மீனைக் கண்டுபிடித்தேன். பின்னால் அவர் வந்து நிற்பது தெரிந்தது.

"ஐஸ் உண்டு சார்," என்றேன், கேட்காமலே.

அவர் சட்டைக் கையை மடக்கினார். ஒவ்வொன்றாக நான்கிலும் விரலை இறக்கினார். அவசரப்படவில்லை. பிறகு குழாயில் கையைக் கழுவி, துண்டில் துடைத்தார்.

"நல்ல மீனு," என்றார்.

அவர் சொன்னது மீனைப் பற்றித்தான்.